பெரிய வகுப்பில் மாணவர் கைபேசி: எந்த அறைக்கு எந்த வழி?

இரண்டு செக்‌ஷனை ஒன்றாக உட்காரவைத்த 120 பேர் வகுப்பிலும், 250 பேர் அமரும் மருத்துவக் கல்லூரி கேலரியிலும் ஆசிரியர் கேள்வி கேட்டால் பதில் வருவது முன்வரிசை ஏழெட்டுப் பேரிடமிருந்துதான். மற்றவர்களுக்குப் புரிந்ததா, தவறாகப் புரிந்ததா என்பது இன்டர்னல் தேர்வுத் தாளைத் திருத்தும்போது தெரியவரும். அதற்குள் பாடம் இரண்டு யூனிட் தாண்டியிருக்கும். மாணவர் பையில் இருக்கும் கைபேசியைக் கொண்டு, கடைசி பெஞ்சு வரை எல்லோரிடமிருந்தும் அந்த நிமிடத்திலேயே பதில் வாங்கிவிடலாம். எந்தக் கருவியைக் கொண்டு வாங்குவது என்பதில்தான் குழப்பம். பல கல்லூரிகள் முதலில் ஒரு செயலியைத் தேர்ந்துவிட்டு, அறையையும் வைஃபையையும் பிறகு பார்க்கின்றன. இங்கே வரிசை வேறு: கேள்வி எப்படி நடக்க வேண்டும், அறை எத்தனை கைபேசியைத் தாங்கும், கடைசியாகக் கருவி.

ஒரு கேள்வி, இரண்டு வாக்கு

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-இல் தன் வகுப்பில் தொடங்கிய முறையையே இங்கே அடிப்படையாகக் கொள்கிறோம். கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி திரையில் வரும். முதலில் ஒவ்வொருவரும் பேசாமல் யோசித்து வாக்களிப்பார்கள். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாடச் சொல்வார். பிறகு அதே கேள்விக்கு இரண்டாம் வாக்கு. 30-க்குக் கீழே போனால் வாதாட ஆள் இல்லை என்று பொருள். அந்தப் பகுதியை மறுபடி நடத்த வேண்டும். 70-ஐத் தாண்டினால் ஒரு நிமிடம் விளக்கிவிட்டு நகரலாம்.

பக்கத்தில் இருப்பவரின் விடையைப் பார்த்து மாற்றிக்கொள்வதுதானே இது என்ற சந்தேகம் எழும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் மரபியல் வகுப்பில் நடத்திய ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. கலந்து பேசிய பிறகு, அதே கருத்தில் வேறொரு கேள்வியைத் தனியாக விடையளிக்கக் கொடுத்தார்கள். அதிலும் மாணவர்கள் முன்னேறியிருந்தார்கள். தொடக்கத்தில் ஒருவருக்கும் சரியான விடை தெரியாத குழுக்களில்கூட முன்னேற்றம் இருந்தது. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த பகுப்பாய்வில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம்; மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் 21.8 சதவீதம்.

கருவி வாங்கக் கையெழுத்திடும் முன் 2008-இல் இயற்பியல் ஆசிரியர் நேத்தானியல் லாஸ்ரி வெளியிட்ட ஒப்பீட்டையும் பார்க்க வேண்டும். மஸூர் முறையையே ஒரு பிரிவுக்கு மின்னணுக் கிளிக்கரோடும் (பொத்தானை அழுத்தி வாக்களிக்கும் சிறு கருவி) இன்னொரு பிரிவுக்கு விடை எழுத்தைக் காட்டும் அட்டையோடும் நடத்தினார். கற்றலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கருவி தருவது பதிவும் எண்ணிக்கையும் மறைவும்; புரிதல் வருவது கேள்வியிலிருந்தும் பேச்சிலிருந்தும். இதை ஏற்றுக்கொண்டால் செலவுக் கணக்கே மாறிவிடும்.

கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மின்கலம், ஒரே மாதிரியான இரண்டு விளக்குகள், தொடர் இணைப்பு. (ஏ) நேர்முனைக்கு அருகிலுள்ள விளக்கு அதிகம் ஒளிரும், (பி) எதிர்முனைக்கு அருகிலுள்ளது அதிகம் ஒளிரும், (சி) இரண்டும் சமமாக ஒளிரும், (டி) மின்கலம் தெரியாமல் சொல்ல முடியாது. சரியான விடை சி. ஆனால் மின்னோட்டம் வழியில் ‘செலவாகிவிடும்’ என்று நினைப்பவர் ஏ-யைத் தேர்வார்; எலக்ட்ரான் ஓடும் திசையை நினைத்துக்கொண்டு அதே தவறைச் செய்பவர் பி-யைத் தேர்வார். இரண்டு தவறுக்கும் பின்னால் ஒரு யோசனை இருப்பதால் பேச விஷயம் இருக்கிறது. ‘ஓம் விதியின் வாய்ப்பாடு எது?’ என்ற கேள்வியில் பேச ஒன்றுமில்லை. தெரிந்தவருக்குத் தெரியும், அவ்வளவே. தவறான விடைகளை நாமாகக் கற்பனை செய்வதைவிடப் போன ஆண்டு விடைத்தாள்களிலிருந்து பொறுக்குவது நல்லது.

நேரம்: படிக்க அரை நிமிடம், முதல் வாக்கு ஒரு நிமிடம், பேச்சு மூன்று நிமிடம், இரண்டாம் வாக்கு முக்கால் நிமிடம், விளக்கம் இரண்டரை நிமிடம். கூட்டினால் எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 50 நிமிட பீரியடில் இரண்டு கேள்வி நிம்மதியாக நடக்கும். மூன்று வைத்தால் பாடத்தைக் குறைக்க வேண்டும்.

ஆகவே கருவியிடம் நான்கு கேட்க வேண்டும். முதல் வாக்கு முடியும் வரை முடிவு யாருக்கும் தெரியக்கூடாது. முதல் வாக்கு அழியாமல் அதே கேள்வியை இரண்டாம் முறை திறக்க முடிய வேண்டும். வேகத்துக்குப் பரிசு இருக்கக்கூடாது. அறையில் இருக்கும் அத்தனை பேரும் உள்ளே வர முடிய வேண்டும். பல கருவிகள் விழுவது இந்த நான்காவதில்தான்.

அறை எத்தனை கைபேசியைத் தாங்கும்

வாக்கு என்பது மிகச் சிறிய தரவு. ஒரு பதிலுக்கு 2 கிலோபைட் என்று வைத்தால் 250 பேருக்கும் சேர்த்து 500 கிலோபைட். இணைப்பை முறிப்பது பதில் அல்ல, முதன்முறை பக்கத்தைத் திறப்பது. பக்கம் 2 எம்பி என்று கொள்வோம். 250 பேர் ஒரே நிமிடத்தில் திறந்தால் 500 எம்பி. விநாடிக்கு ஏறத்தாழ 67 மெகாபிட் வேண்டும். கேள்வியைக் காட்டிவிட்டு ‘இப்போது இந்த இணைப்புக்குப் போங்கள்’ என்று சொல்வதால்தான் பாதிப் பேருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மாணவர்கள் உள்ளே வந்து அமரும்போதே இணைப்பு திரையில் இருக்கட்டும். வருகைப்பதிவு எடுக்கும் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவராகத் திறந்துவிட்டால் அதே இணையத்தில் வேலை நடந்துவிடும்.

கல்லூரி வைஃபையை நம்பும் முன் சிஸ்டம் அட்மினிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

முதலாவது, அந்த அறைக்குள் எத்தனை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னலை அனுப்பும் கருவி). பெட்டியில் 200 பேர், 500 பேர் என்று அச்சிட்டிருப்பார்கள். வகுப்பில் ஒரே நேரத்தில் எல்லோரும் தொடும் சூழலுக்கு ஒரு ரேடியோவுக்கு 50 கைபேசி என்று கணக்கிடுவது பாதுகாப்பு. 250 பேருக்கு ஐந்து ரேடியோ, அதாவது இரண்டு ரேடியோ கொண்ட இரட்டைப் பட்டை ஆக்சஸ் பாயின்ட் மூன்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே (1, 6, 11). பக்கத்து அறைகளின் வைஃபையும் அதே மூன்றில்தான் இருக்கும். முடிந்தவரை கைபேசிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ள வேண்டும். மனித உடல் சிக்னலை உறிஞ்சும் என்பதால், காலி அறையில் பார்த்த வேகம் நிரம்பிய அறையில் கிடைக்காது. ஆக்சஸ் பாயின்ட் தலைகளுக்கு மேலே, கூரையிலோ உயர்ந்த சுவரிலோ இருக்க வேண்டும். வராந்தாவில் இருப்பது கணக்கில் சேராது.

இரண்டாவது, ஐபி முகவரிகள்: நெட்வொர்க் ஒவ்வொரு கைபேசிக்கும் ஒதுக்கும் எண். இது யாரும் நினைத்துப் பார்க்காத இடம். வழக்கமான அமைப்பில் ஒரு நெட்வொர்க்கில் 254 முகவரிகள்தான் உண்டு. ஒவ்வொரு முகவரியும் 24 மணி நேரத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தால், காலை வகுப்பு 120 பேர் எடுத்ததும் அடுத்த வகுப்பு 120 பேர் எடுத்ததும் சேர்ந்து ஏறத்தாழ தீர்ந்துவிடும். மூன்றாம் வகுப்புக்கு ‘ஐபி முகவரி பெறப்படுகிறது’ என்ற வரி மட்டும் தெரியும். சிக்னல் முழுதாக இருந்தும் இணையம் வராததற்குப் பல சமயம் இதுவே காரணம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் தங்கள் உண்மையான மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) மறைத்து வேறொன்றைக் காட்டுவதால், ஒரே கைபேசி சில நேரம் இரண்டு ஐபி முகவரிகளைப் பிடித்துக்கொள்ளும். ஒதுக்கீட்டு நேரத்தை ஒரு மணியாகக் குறைத்து, 1,022 முகவரிகள் கொண்ட பரப்பாக விரித்தால் பிரச்சினை தீரும். அரைமணி நேர வேலை, செலவு எதுவுமில்லை.

மூன்றாவது, ஃபயர்வால், அதாவது தளங்களைத் தடுக்கும் அமைப்பு. கஹூட் போன்ற வினாடி வினா தளங்கள் ‘விளையாட்டு’ வகையில் விழுந்து மாணவர் லாகினில் தடைபட்டிருக்கலாம். ஆசிரியர் லாகினில் திறக்கும் என்பதால் சோதனையில் தெரியாது. சோதிப்பது மாணவர் கைபேசியில், மாணவர் லாகினில் நடக்க வேண்டும்.

வைஃபையே வேண்டாம், மாணவரின் சொந்த மொபைல் டேட்டா போதும் என்பதும் நல்ல வழிதான். மேலே சொன்ன மூன்று சிக்கலும் அதில் இல்லை. ஆனால் தரைத்தளத்துக் கான்கிரீட் அறையில் ஒரு நிறுவனத்தின் சிக்னல் இருக்கும், இன்னொன்றுடையது இருக்காது. ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் நான்கையும் கடைசி வரிசையில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் விழுந்தால் அந்த மாணவர்கள் பக்கத்து நண்பரின் ஹாட்ஸ்பாட்டில் சேரலாம். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் பொதுவாக எட்டு முதல் பத்துக் கைபேசி தாங்கும். ஆசிரியரின் ஒரே ஹாட்ஸ்பாட்டில் வகுப்பையே சேர்க்க நினைத்தால் நடக்காது.

இன்னொரு சிறு விஷயம், க்யூஆர் குறியீட்டின் அளவு. பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு பக்க அளவு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கடைசி வரிசை 15 மீட்டரில் இருந்தால் திரையில் குறியீடு ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும். ஸ்லைடின் மூலையில் சின்னதாக வைத்தால் முன்பாதிக்கு மட்டுமே பயன். பெரிய கேலரியில் குறியீட்டை அச்சிட்டு மேசைக்கு ஒன்றாக ஒட்டிவிடுவது மேல். செமஸ்டர் முழுக்க மாறாத ஒரே இணைப்பு இருந்தால்தான் அது முடியும். கருவியைத் தேர்வதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கருவிகள்

*காகித அட்டை.* ஏ4 தாளை நான்காக மடித்து, ஒவ்வொரு முகத்திலும் ஓர் எழுத்து, ஓர் அடர்நிறம். ‘மூன்று’ என்று எண்ணியதும் எல்லோரும் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் பின்னால் இருப்பவர் பார்த்து மாற்றுவார். சரிவான கேலரியில் மேடையிலிருந்து பார்த்தால் 250 அட்டையும் தெரியும். சதவீதத்தைக் கண்ணால் மதிப்பிடுவதே 30–70 முடிவுக்குப் போதும். வேண்டுமானால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பதிவு இல்லை, யார் என்ன சொன்னார் என்பது பிறகு தெரியாது. எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் ஒரு கட்டு அட்டை அலமாரியில் இருக்கட்டும். மின்வெட்டு நாளில் வகுப்பு நிற்காது.

*பிளிக்கர்ஸ்.* மாணவர் கையில் குறியீடு அச்சிட்ட அட்டை, ஆசிரியர் கையில் மட்டும் கைபேசி. அட்டையை எந்தப் பக்கம் மேலாகப் பிடிக்கிறார் என்பதே விடை. ஆசிரியர் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் பதிவாகிவிடும். பக்கத்து மாணவருக்கு விடை எளிதில் தெரியாது, பெயரோடு பதிவும் கிடைக்கும். 63 அட்டை வரைதான் உண்டு. 60 பேர் கொண்ட ஒரு செக்‌ஷனுக்கு அளவாகப் பொருந்தும், 120-க்கு உதவாது. அட்டையைப் பளபளப்பாக லேமினேட் செய்தால் டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காது. மங்கலான தடித்த தாளில் அச்சிடுங்கள். கறுப்புப் பகுதியைக் கட்டைவிரல் மறைத்தாலும் படிக்காது. பின்வரிசைக்குப் பெரிய அளவு அட்டை கொடுக்க வேண்டும்.

*தனிக் கிளிக்கர்.* கருவி, பேட்டரி, வகுப்புக்கு வகுப்பு கொடுத்து வாங்கும் வேலை என்று எல்லாமே சுமை. இறக்குமதிக்கு ஆசைப்படுபவர்கள் அலைவரிசையையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பரவலான ஐகிளிக்கர் 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வேலை செய்கிறது. அது இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்ட பட்டை அல்ல. கைபேசி பரவிய பிறகு புதிதாகக் கிளிக்கர் வாங்கக் காரணம் இல்லை.

*கஹூட்.* நார்வேயில் பிறந்து 2013-இல் வெளிவந்தது. இசை, கடிகாரம், தரவரிசை என்று அறை உற்சாகமாகிவிடும். முன்னிருப்பு அமைப்பில் விரைவாகச் சொன்னவருக்கே அதிகப் புள்ளி என்பதால், யோசிப்பவர் தோற்று, ஊகிப்பவர் வெல்வார். மேலே சொன்ன முறைக்கு இது நேர் எதிர். யூனிட் முடிவில் கலைச்சொல் மீள்பார்வைக்கு, வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியடுக்கு நல்லது. பயன்படுத்தினால் நேரத்தைக் கூட்டி, புள்ளியை நிறுத்தி, கேள்வியை மாணவர் திரையிலும் காட்டும் அமைப்பை இயக்குங்கள். விரும்பிய பெயர் வைக்க விட்டால் ஐந்தாம் விநாடியில் திரையில் ஆபாசம் வரும். தானாகப் பெயர் கொடுக்கும் வசதியைப் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நிறத்தை மட்டும் சொல்லி ‘சிவப்பை அழுத்துங்கள்’ என்று சொல்லக்கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத மாணவர் 120 பேரில் சிலர் இருக்கக்கூடும். வடிவத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

*மென்டிமீட்டர், ஸ்லைடோ.* இணையத்தில் வாக்கெடுக்கும் கருவிகளில் இவை இரண்டும் முன்னணி. முடிவை மறைக்கலாம், கேள்வியை நகலெடுத்து இரண்டாம் வாக்கு எடுக்கலாம், பெயரில்லாமல் பதில் வாங்கலாம். ஸ்லைடோவில் மாணவர்கள் தங்கள் சந்தேகத்தை எழுத, மற்றவர்கள் அதற்கு ஆதரவு வாக்களித்து மேலே கொண்டுவரும் வசதி பெரிய வகுப்புக்கு அருமையானது. கைதூக்கிக் கேட்கக் கூச்சப்படும் மாணவரின் கேள்வி அங்கே வந்துவிடும். தடை இலவச வரம்பு. மென்டிமீட்டரில் இலவசக் கணக்குக்கு மாதத்துக்கு 50 பங்கேற்பாளர்கள். ஒரு செக்‌ஷனின் முதல் வகுப்பிலேயே தீர்ந்துவிடும். ஸ்லைடோவில் ஒரு நிகழ்வுக்கு 100 பேர், மூன்று வாக்கெடுப்பு. ஒரு கேள்விக்கு இரண்டு வாக்கு என்றால் ஒன்றரைக் கேள்விதான். இந்த வரம்புகளை நிறுவனங்கள் அடிக்கடி மாற்றும். செமஸ்டர் தொடக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 101-வது மாணவருக்குக் கதவு மூடினால் அவர் அந்தப் பீரியட் முழுக்க வெளியே நிற்பவராகிவிடுவார். 120 பேர் வகுப்புக்கு இலவச ஸ்லைடோவைப் பயன்படுத்தினால் ஆறு பேருக்கு ஒரு கைபேசி என்று குழுவாக வாக்களிக்க வையுங்கள், 20 இடத்தில் முடிந்துவிடும்.

மாணவர்கள் தட்டும் சொற்களை எண்ணிக்கைக்கேற்பப் பெரிதாகக் காட்டும் சொல்மேகம் தமிழில் சரிவராது. இக்கருவிகள் எழுத்துக்கு எழுத்து ஒத்த சொல்லைத்தான் ஒன்றாக எண்ணும். ‘மின்தடை’, ‘மின் தடை’, ‘மின்தடையால்’, ஆங்கில எழுத்தில் தட்டிய அதே சொல் எல்லாம் வெவ்வேறு. நாற்பது பேர் ஒரே விடை சொல்லியும் திரையில் சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கும். தமிழ்வழி வகுப்பில் விடைகளைத் தேர்வு வடிவில் கொடுத்துவிடுவதே சரி.

*கூகுள் ஃபார்ம்ஸ்.* 120 முதல் 250 வரையான வகுப்புக்கு இலவசத்தில் எங்கள் தேர்வு இதுதான். கேள்விக்குக் கேள்வி புது ஃபார்ம் செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. செமஸ்டருக்கு ஒரே விடைத்தாள் ஃபார்ம் போதும். அதில் நான்கே புலங்கள்: ரோல் நம்பர் (எண் மட்டும் ஏற்கும் சரிபார்ப்புடன்), கேள்வி எண் (1 முதல் 60 வரை கீழிறங்கு பட்டியல்), வாக்கு (முதல் / இரண்டாம்), விடை (ஏ, பி, சி, டி, ‘தெரியவில்லை’). கேள்வியும் படமும் ஸ்லைடில் இருக்கும். ஃபார்மில் படம் இல்லாததால் பக்கம் இலகுவாகத் திறக்கும். மேசையில் ஒட்டும் க்யூஆர் குறியீடும் செமஸ்டர் முழுக்க மாறாது. ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்ற கட்டுப்பாட்டை இயக்காதீர்கள். அது ஜிமெயில் லாகின் கேட்கும், கடவுச்சொல் மறந்தவர் அங்கேயே நின்றுவிடுவார். தவிர, இரண்டாம் வாக்குக்கு அதே ஃபார்ம் திறந்தாக வேண்டும்.

பதில்களை ஷீட்டில் இணைத்து, தனித் தாளில் ‘கவுண்ட்இஃப்ஸ்’ சூத்திரம் போட்டுக் கேள்வி எண், வாக்கு, விடை மூன்றும் பொருந்தும் வரிகளை எண்ண வையுங்கள். இன்றைய கேள்வி எண்ணை ஒரு கட்டத்தில் தட்டினால் முதல் வாக்கும் இரண்டாம் வாக்கும் பக்கத்துப் பக்கத்தில் பட்டைப் படமாக வரும். ஒருவரே இருமுறை அனுப்பியிருந்தால் எண்ணிக்கை சற்றுக் கூடும். வகுப்பு முடிவுக்கு அது பொருட்டல்ல, மதிப்பெண் கணக்கிடும்போது கடைசிப் பதிலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸில் திரையை ‘நகல்’ அமைப்பில் வைக்காமல் ‘நீட்டிப்பு’ அமைப்பில் வையுங்கள். புரொஜெக்டரில் ஸ்லைடு, மடிக்கணினியில் ஷீட். இதைச் செய்யாவிட்டால் முதல் வாக்கின் முடிவு எல்லோர் கண்ணிலும் பட்டு, கூட்டத்தின் பின்னால் போகும் வாக்குகளாகிவிடும்.

*வாட்ஸ்அப், டெலிகிராம்.* வாட்ஸ்அப் வாக்கெடுப்பு 2022-இல் வந்தது. எல்லோரிடமும் ஏற்கெனவே இருப்பதால் கை அதற்குத்தான் போகும். குழுவில் யார் எதற்கு வாக்களித்தார் என்பது பெயரோடு எல்லோருக்கும் தெரிவது பெரிய குறை. முதல் பத்துப் பேர் பி-யைத் தொட்டால் மீதிப் பேரும் பி. மாணவிகளின் கைபேசி எண்ணும் குழுவில் வெளிப்படுகிறது. கருத்துக் கேள்விக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். ‘மறுபடி நடத்த வேண்டிய பகுதி எது?’ என்பது போன்றவற்றுக்குப் போதும். டெலிகிராமில் வாக்கைப் பெயரின்றி வைக்கலாம், 2020 முதல் வினாடி வினா வடிவமும் உண்டு, எண்ணையும் மறைக்கலாம். மெதுவான இணைப்பிலும் வேலை செய்யும். வாக்களித்தவருக்கு உடனே முடிவு தெரிவதால் முதல் வாக்கின் மறைவு பாதிதான் கிடைக்கும்.

*மூடில், உள்ளூர் சர்வர்.* இணையமே நம்ப முடியாத கல்லூரிக்கு இது வழி. பழைய மேசைக்கணினியில் மூடில் என்ற இலவசக் கற்றல் மென்பொருளை நிறுவி, அறையின் ஆக்சஸ் பாயின்டோடு கம்பியால் இணைத்துவிட்டால் வெளி இணையம் தேவையில்லை. மூடில் தரப்பின் தோராயக் கணக்கு, ஒரு ஜிபி ரேமுக்கு ஒரே நேரத்தில் 10 முதல் 20 பேர். 120 பேருக்கு 8 ஜிபி குறைந்தபட்சம். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஓடும் மூடில்பாக்ஸ் சிறு குழுவுக்கு அழகாக வேலை செய்யும், ஆனால் அதன் உள் வைஃபை ஒரு பெரிய வகுப்பைத் தாங்காது. எதிர்பாராமல் வரும் சிக்கல்: இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் ஆண்ட்ராய்டு தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவி, உள்ளூர்ப் பக்கம் திறக்காமல் போகும். டேட்டாவை அணைக்கச் சொல்ல வேண்டும், அல்லது எச்சரிக்கை வரும்போது ‘இணைப்பில் இரு’ என்பதைத் தொடச் சொல்ல வேண்டும். மூடிலைப் பராமரிக்க ஆள் இருக்கும் துறைதான் இதில் இறங்க வேண்டும்.

கைபேசி இல்லாதவர், கவனம் சிதறுபவர்

120 பேரில் சிலரிடம் கைபேசி இருக்காது, சிலருடையது சார்ஜ் இறங்கியிருக்கும், சிலருக்கு அன்றைய டேட்டா முடிந்திருக்கும். ‘போன் இல்லாதவர்கள் கை தூக்குங்கள்’ என்று ஒருபோதும் கேட்கக்கூடாது. தொடக்கத்திலேயே ‘இருவருக்கு ஒரு கைபேசி’ என்பதை எல்லோருக்குமான விதியாக்கிவிட்டால் கேள்வியே எழாது. கைபேசியும் இணையச் சுமையும் பாதியாகும் என்பது கூடுதல் நன்மை. முதல் வாக்கு தனித்தனியாக வேண்டும் என்றால், இருவரும் விடையை நோட்டில் எழுதிவிட்டு ஒரே கைபேசியில் அடுத்தடுத்து இரண்டு ரோல் நம்பரில் அனுப்பலாம். ஒரு பதிலுக்கு மேல் அனுமதிக்கும் கூகுள் ஃபார்ம்ஸில் இது எளிது.

கைபேசியைத் திறந்துவிட்டால் இன்ஸ்டாகிராமும் திறக்கும் என்று எச்ஓடி (துறைத் தலைவர்) கவலைப்படுவது நியாயமானது. கனடாவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவரின் திரை கண்ணில் படும்படி அமர்ந்திருந்தவர்கள், தாங்கள் எதையும் தொடாமலேயே, தேர்வில் 17 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். ஒருவரின் திரை அருகில் இருப்பவரையும் கெடுக்கும். வாக்கு முடிந்ததும் கைபேசி திரை கீழாக மேசைமேல். அடுத்த கேள்வி வரை தொடக்கூடாது. பையில் போடச் சொன்னால் எடுக்கவும் வைக்கவும் நேரம் போகும். வகுப்பறையில் கைபேசி கூடாது என்ற விதி உள்ள கல்லூரியில், முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி அதன் நகலைக் கதவில் ஒட்டிவிடுங்கள். வராந்தாவில் சுற்றிவரும் ஆசிரியரிடம் மாணவர் மாட்டிக்கொள்ள மாட்டார்.

மதிப்பெண்ணும் வருகைப்பதிவும்

வாக்கை வருகைப்பதிவாகப் பயன்படுத்தும் எண்ணத்தைக் கைவிடுங்கள். இணைப்பு ஒரே விநாடியில் விடுதிக்குப் போய்விடும். வராதவருக்கு வருகை போடும் ப்ராக்ஸிக்கு இதைவிட வசதி கிடையாது. மதிப்பெண் தருவதானால் பங்கேற்புக்கு மட்டும், அதுவும் சிறிய பங்காக. சரியான விடைக்கே மதிப்பெண் என்றால், குழுவில் நன்றாகப் படிப்பவர் சொல்வதை மற்றவர்கள் எதிர்க்காமல் அழுத்திவிடுவார்கள், பேச்சு செத்துவிடும். அமெரிக்க வகுப்புகளில் மாணவர் பேச்சைப் பதிவுசெய்து பார்த்த ஆய்வும் இதையே கண்டது.

முதலாண்டு மாணவர் பலர் 18 வயதுக்குக் கீழே இருப்பார்கள். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. ரோல் நம்பரைத் தவிர வேறெதுவும் கேட்காதீர்கள். பெயர், கைபேசி எண், மின்னஞ்சல் எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை.

எதை எடுப்பது

60 பேர் வரை என்றால் பிளிக்கர்ஸ். மாணவர் கைபேசியும் வைஃபையும் ஒதுங்கிவிடுகின்றன, பெயரோடு பதிவும் கிடைக்கிறது. 120 பேருக்கு, மொபைல் டேட்டா எடுக்கும் அறையில் கூகுள் ஃபார்ம் விடைத்தாள், இருவருக்கு ஒரு கைபேசி. 250 பேர் கேலரியில் துறையிடம் பணம் இருந்தால் கட்டணக் கணக்கோடு ஸ்லைடோ. மாணவர் கேள்விகள் மேலே வரும் வசதிக்காகவே அந்தப் பணத்தைக் கொடுக்கலாம். பணம் இல்லாவிட்டால் கூகுள் ஃபார்ம், அதுவும் இல்லாத நாளில் அட்டை. சிக்னலும் வைஃபையும் இரண்டுமே இல்லாத அறைக்கு அட்டையே முதல் தேர்வு. மூடில் சர்வரில் பணம் போடுவது அதன் பிறகு.

ஆண்டுச் சந்தா கட்டும் முன் மூன்று வாரம் அட்டையோடு கேள்விகளை நடத்திப் பாருங்கள். வாரத்துக்கு நான்கு கேள்வி வீதம் பன்னிரண்டு தேறும். அவற்றில் எத்தனை முதல் வாக்கில் 30–70-க்குள் விழுந்தன என்று குறித்து வையுங்கள். பாதிக்கும் குறைவாக இருந்தால் செலவிட வேண்டிய இடம் கேள்விகள்: துறையில் மூன்று ஆசிரியர்கள் ஒரு மதியம் உட்கார்ந்து பழைய விடைத்தாள்களிலிருந்து யூனிட்டுக்கு எட்டுக் கேள்வி எழுதலாம், எழுதியதைப் பொது ஷீட்டில் முதல் வாக்குச் சதவீதத்தோடு சேமித்தால் அடுத்த ஆண்டு வகுப்பெடுப்பவருக்கும் கிடைக்கும். பாதிக்கு மேல் விழுந்தால் கட்டணக் கணக்குக்கு விண்ணப்பம் எழுதலாம். அந்தப் பன்னிரண்டு கேள்விப் பட்டியலையே விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.